புழுதி நெல்லில் களை: மருந்து கலக்க எந்தத் தண்ணீர்?

ராமநாதபுரம் மாவட்டம் திருவாடானைப் பக்கம், புழுதி விதைப்பு (காய்ந்த மண்ணில் நேரடியாக விதைத்த) நெல். களை முளைக்கும் முன் அடிக்கும் பெண்டிமெத்தலின் களைக்கொல்லி அடித்தபின் மழை ஏமாற்றியதால் காய்ந்த மண்ணில் மருந்து வேலை செய்யவில்லை. குதிரைவாலிப் புல்லும் கோரையும் இப்போது மூணு இலை. அடுத்து முளைத்த களைக்கு அடிக்கும் பிஸ்பைரிபாக் சோடியம் 10%, ஏக்கருக்கு 100 மில்லி, 200 லிட்டர் தண்ணீரில். அதாவது 16 லிட்டர் டேங்குக்கு 8 மில்லி. அளவில் குழப்பமில்லை, தண்ணீரில்தான். போர் தண்ணீர் ஒரே உப்பு. ஊருணித் தண்ணீர் கலங்கல். துணியில் வடிகட்டினாலும் நாசில் அடைக்குது. எதில் கலக்கலாம்?

அடித்து மூணு நாளுக்குள் தண்ணீர் கட்டணும் என்கிறார்கள். மானாவாரியில் எங்கே போக? மண் ஈரம் மட்டும் போதுமா?

2,4-டி களைக்கொல்லியை மட்டும் சொல்லாதீங்க. வரப்பை ஒட்டி முண்டு மிளகாய். கடல்காற்றில் சாரல் பட்டாலே இலை சுருண்டுவிடும். கரையோரத்தில் அடித்துப் பார்த்தவங்க சொல்லுங்க.