புதுப்பிப்பு: பரணில் கிடைத்த பித்தளை இறக்கை மின்விசிறி

தாத்தா வீட்டுப் பரணில் கிடைத்த பழைய மேசை மின்விசிறியை நேரே பிளக்கில் செருகலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். கூடாது என்று அதட்டியவர்களுக்கு நன்றி. அடித்தட்டைக் கழற்றி, துணி சுற்றிய ஒயரைத் தொட்டேன். உள்ளிருந்த ரப்பர் பொரியாக உதிர்ந்தது. உடம்பு முழுக்க இரும்பு, எர்த்தும் கிடையாது. செருகியிருந்தால் ஷாக் அடித்திருக்கலாம்.

பெயர்த்தகட்டை ஈரத்துணியால் மட்டும் துடைத்தேன் (புளி போட்டுத் தேய்க்க வந்த அம்மாவைத் தடுத்தது தனிக்கதை). ‘ஏ.சி. 220/230 வோல்ட், 50 சைக்கிள்’ என்றிருக்கிறது. மின்சாரத்தின் அதிர்வெண்ணைக் குறிக்க ‘சைக்கிள்’ என்பதற்குப் பதிலாக ‘ஹெர்ட்ஸ்’ என்ற பெயர் 1960இல்தான் சர்வதேச அலகு முறையில் வந்தது என்பதால், வயது அறுபதைத் தாண்டியிருக்கலாம். உறுதியாகச் சொல்ல மாட்டேன். சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் இல்லாததால், அந்தக் கால டி.சி. (நேர் மின்சார) மோட்டார் அல்ல.

எலெக்ட்ரீஷியன் மெக்கர் (மின்கசிவு சோதிக்கும் கருவி) வைத்துப் பார்த்தார். காயிலில் கசிவு இல்லை. தண்டை மேலும் கீழும் அசைத்தேன், அதைத் தாங்கும் வளையமான புஷ் ஆடவில்லை. எர்த்துடன் மூன்று கம்பி ஒயர் போட்டு, தையல் மெஷின் எண்ணெய் விட்டதும் சுற்றியது. தலையாட்டும் பல்சக்கரம் மட்டும் தேய்ந்துவிட்டது. இடப்பக்கம் பார்த்தபடியே நிற்கிறது. கூண்டுக் கம்பிகளுக்கிடையே குழந்தையின் கையே நுழையும், அதனால் அலமாரி உச்சியில் வைத்திருக்கிறேன்.

பழைய சாமான் கடைக்காரர் பித்தளை எடைக்கு விலை சொன்னார். கொடுக்கவில்லை.