எச்எஸ்சிக்கு (இங்க இயர் 12 முடிக்கிற பரீட்சை) ஜப்பனீஸ் எடுக்கலாமா?

சிட்னில இருக்கோம். பொண்ணு அடுத்த வருஷம் இயர் 11, ஜப்பனீஸ்தான் எடுப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா, ஸ்கூல்ல படிச்சதே இல்ல, யூடியூப் பாத்து ஹிரகானா (ஜப்பனீஸோட அடிப்படை எழுத்து) எழுதுவா அவ்ளோதான். தாங்குவாளா?

பதில் 1: பிகினர்ஸ் கோர்ஸ் புதுசா தொடங்குறவங்களுக்குத்தானே இருக்கு. கன்டின்யூவர்ஸ்தான் ஏற்கெனவே படிச்சிட்டு வர்றவங்களுக்கு. ஓரல் எக்ஸாமும் பிகினர்ஸ்ல சுமார் 5 நிமிஷம், கன்டின்யூவர்ஸ்ல சுமார் 10.

பதில் 2: கிராமர் நம்ம புள்ளைங்களுக்கு பழகினதுதான், வினை கடைசில வரும், நம்ம வேற்றுமை உருபு மாதிரி சின்னச் சின்னச் சொல்லு பெயருக்குப் பின்னாடி ஒட்டும். கான்ஜிதான் (சீனத்துலேர்ந்து வந்த எழுத்துங்க) படுத்தி எடுக்கும்! ஞாயித்துக்கிழமைய 'நிச்சியோபி'ம்பாங்க, முதல்லயும் கடைசிலயும் ஒரே எழுத்து, ஆனா முதல்ல 'நிச்சி' கடைசில 'பி'ன்னு படிக்கணும். தினம் எழுதலன்னா மறந்துரும்.

பதில் 3: ஏடார் (யூனிவர்சிட்டி சேர்க்கைக்கான ரேங்க்) கணக்கு போட்டு எடுக்காதீங்க, ஸ்கேலிங்ல (பாடத்துக்குப் பாடம் மார்க்க சரிக்கட்டுறது) பிகினர்ஸ் கன்டின்யூவர்ஸ் அளவுக்கு ஏறாது. ஆசையா படிச்சா ஓகே. முதல்ல அவ ஸ்கூல்ல அந்த கிளாஸ் நடக்குதான்னு கேளுங்க.