காண்டால்ஃபை இறக்கியும் ஹில் ட்ரோல் ஒரு புள்ளியால தப்புது. எங்க பிழைக்கிறம்?

கடற்கரைப்பக்கம் (வெள்ளவத்தை)

வணக்கம். லோர்ட் ஒஃப் த ரிங்ஸ் காட் கேம், ஃபான்டசி ஃபிளைட் 2011ல வெளியிட்ட பழைய கோர் பெட்டி. வெளிநாட்டில இருந்து லீவில வந்த ஒன்றுவிட்ட அண்ணா விட்டுட்டுப் போனவர். போயா நாளில நானும் பக்கத்து ஃபிளாட் சிநேகிதனும் ஒரே பக்கமா இருந்து விளையாடுறம். கடற்காத்துக்கு காட் எல்லாம் வளையத் தொடங்கினதால ஒவ்வொண்டுக்கும் உறை போட்டாச்சு. அவ்வளவு ஆசையா வச்சிருக்கிறம்.

ரெண்டாவது கதை, அண்டுயின் ஆத்துப் பயணம், அஞ்சு தரம் விளையாடி நாலு தரம் தோத்திட்டம். எல்லாம் ஹில் ட்ரோல் எண்ட எதிரியால. அடி 6, தடுப்பு 3, உயிர் 9. அது மேசையில நிக்கும்வரை முதல் கட்டத்தைத் தாண்டவும் ஏலாது.

என்ர ஹீரோக்கள் அரகோர்ன், தியோடிரெட், குளோயின். அவன்ர கிம்லி, லெகொலாஸ், தாலின். நான் நம்பியிருக்கிற கூட்டு ஸ்னீக் அட்டாக்கும் (கையில உள்ள ஒரு ஆளைக் கொஞ்ச நேரத்துக்கு இறக்கிற காட்) காண்டால்ஃபும்: 1 ரிசோர்ஸுக்கு (காட்டுக்குக் கட்டுற காசு மாதிரி) அவரை இறக்கி ட்ரோலுக்கு 4 சேதம் குடுத்து, அவராலேயே தடுத்து, பிறகு மூண்டு ஹீரோவாலயும் அடிக்கிறன். 3+2+2=7, தடுப்பு 3 போக 4. மொத்தம் 8. ட்ரோல் ஒரு உயிரோட நிண்டிட்டு அடுத்த சுற்றில எங்களை முடிச்சிடுது.

சந்தேகங்கள்:

குடுக்கிற 4 சேதத்தில ட்ரோலின்ர தடுப்பைக் கழிக்கிறதோ? நாங்கள் கழிக்கேல்ல.

சிநேகிதனிட்ட ஹோர்ன் ஒஃப் கொண்டோர் இருக்கு. ஏதாவது பாத்திரம் ஆட்டத்தை விட்டுப் போனா ஒரு ரிசோர்ஸ் எண்டு காட்டில எழுதிக் கிடக்கு. காண்டால்ஃப் கைக்குத் திரும்பேக்க நாங்கள் அந்த ரிசோர்ஸை எடுக்கிறம். சரியோ?

ஒருக்கா பிளானிங்கில (காட் இறக்கிற கட்டம்) ஸ்னீக் அட்டாக் போட்டன். குவெஸ்டுக்கு (கதையை முன்னேத்துற கட்டம்) போக முதலே அவர் கைக்கு வந்திட்டார். அது சரிதானோ?

பம்பலப்பிட்டி மச்சான்

காண்டால்ஃபை 4 சேதத்துக்குப் பாவிக்கிறது வீண். சேதத்துக்குப் பதிலா, முதல் சுற்றிலேயே இறக்கி உங்கட த்ரெட்டை (எதிரிகளின்ர கண்ணில நீங்க படுற அளவு) 5 குறைச்சுப் பாருங்க. உங்கட மூண்டு ஹீரோக்களின்ர த்ரெட்டையும் கூட்டினா தொடக்கம் 12+8+9=29. அது 30 ஆனா ட்ரோல் உங்களைப் பிடிச்சுச் சண்டைக்கு வரும். முதல் சுற்று முடிய த்ரெட் ஒண்டு ஏறும், ரெண்டாம் சுற்றிலேயே பிடிபடுவீங்க. 24க்கு இறக்கினா குவெஸ்ட் ஒண்டும் தோக்காட்டி ஏழாம் சுற்றுவரை ட்ரோல் தொடாது. யாரையும் பிடிக்காம நடுவில, ஸ்டேஜிங்கில நிண்டா குவெஸ்டுக்கு எதிரா எண்ணுற அதின்ர த்ரெட் வெறும் 1தான், விட்டிட்டு ஆள் சேர்க்கலாம்.

கொட்டாஞ்சேனை அக்கா

தம்பி, கணக்கு உங்களுக்குச் சரி, ஆனா மேசையில ரெண்டு பேர் இருக்காங்க. காண்டால்ஃப் குறைக்கிறது அவரை இறக்கினவரோட த்ரெட்டை மட்டும். பக்கத்து ஃபிளாட் தம்பியோட ஹீரோக்களும் 11+9+9=29. இவர் 24க்கு இறங்கினா ரெண்டாம் சுற்றில ட்ரோல் நேரே அவர் மேல போகும். காண்டால்ஃபுக்கு மற்றவர் பக்கம் போய்த் தடுக்கிற சென்டினலும் இல்லை, அங்க அடிக்கிற ரேஞ்சும் இல்லை. அவர் பக்கம் போன ட்ரோலை இவரோட காண்டால்ஃப் தடுக்கவே ஏலாது.

கேட்டவருக்கு. சேதத்தில தடுப்பைக் கழிக்காம விட்டது சரி. தடுப்பு, அடி விழும்போது மட்டும்தான். காட்டோட விளைவால வர்ற 4 முழுசா இறங்கும்.

பிளானிங்கில நடந்ததும் சரியான விதிதான். ஸ்னீக் அட்டாக் போட்ட கட்டம் முடிய ஆள் கைக்குத் திரும்பணும். குவெஸ்டுக்கு அவரோட மனவலிமை 4 வேணும்னா குவெஸ்ட் கட்டம் தொடங்கின உடனே, ஆட்களை அனுப்ப முந்தி போடுங்க. சண்டைக்கு வேணும்னா கொம்பட் தொடங்கின பிறகு, ட்ரோல் அடிக்க முந்தி. அவரோட 5 ரிசோர்ஸ் விலையை நாங்க கட்டுறதே இல்லை. ஸ்னீக் அட்டாக் ஆளை 'இறக்குது', நாங்க அவரை 'விளையாடுறது' இல்லை. காண்டால்ஃபோட எழுத்து 'ஆட்டத்துக்குள்ள வந்த பிறகு' என்று இருக்கிறதாலதான் எப்படி வந்தாலும் வேலை செய்யுது. 'விளையாடின பிறகு' என்று எழுதின காட்டோட இந்தக் கூட்டு ஓடாது. புதுக் கூட்டு யோசிக்கிறப்ப நான் முதல்ல பார்க்கிறது அந்த ஒரு வினையைத்தான்.

ஹோர்ன் விஷயம் பிழை. உங்களிட்ட இருக்கிறது பழைய அச்சு. கம்பனி பிறகு திருத்தம் போட்டு 'ஆட்டத்தை விட்டுப் போனா' என்றதை 'அழிக்கப்பட்டா' என்று மாத்திட்டாங்க. கைக்குத் திரும்புற காண்டால்ஃப் அழியவில்லை, ரிசோர்ஸ் இல்லை. அடிபட்டுச் செத்தா உண்டு, ஆனா அப்ப அவர் கைக்கு வரவும் மாட்டார்.

கடற்கரைப்பக்கம்

நன்றி அக்கா. ஹோர்னால வந்த ரிசோர்ஸ் எல்லாம் கணக்கில இருந்து போகுது. அப்ப தடுக்கிறதுக்கு ஸ்னோபோர்ன் ஸ்கவுட் எண்ட சின்ன ஆளைக் குடுத்திட்டு காண்டால்ஃபை அடிக்க விட்டா? 4+3+2=9, தடுப்பு போக 6. முதல் 4ஓட சேர்த்தா 10, ட்ரோல் சரி.

இன்னொண்டும் சொல்ல வேணும். நாங்கள் வெண்ட அந்த ஒரு ஆட்டத்தில அவன் பிளானிங்கில 5 ரிசோர்ஸ் கட்டி தன்ர காண்டால்ஃபை இறக்கினவன். அதே சுற்றில நான் ஸ்னீக் அட்டாக்கில என்ர காண்டால்ஃபையும் இறக்கினன். ரெண்டு பேரும் சேர்ந்துதான் ட்ரோலை விழுத்தினவை.

கொட்டாஞ்சேனை அக்கா

அந்த வெற்றி செல்லாது தம்பி. காண்டால்ஃபோட பேருக்குப் பக்கத்தில சின்ன அடையாளம் இருக்கும், தனி ஆள் என்று அர்த்தம். ஒருத்தர் மேசையில இருக்கும்போது வேற எந்த விளையாட்டுக்காரரும் அதே பேரை விளையாடவும் ஏலாது, இறக்கவும் ஏலாது. ஸ்டூவர்ட் ஒஃப் கொண்டோர் காட்டுக்கும் இதே விதி.

ஸ்கவுட்டால ட்ரோலைத் தடுக்கிறதும் விலைதான். அவனுக்குத் தடுப்பு 1, உயிர் 1. விழுற 5 சேதத்தில 1 அவனுக்கு, மிச்சம் 4 உங்க த்ரெட்டில ஏறும். ட்ரோலோட எழுத்து அப்படி. காண்டால்ஃப் தடுத்தா 6-4=2 தான், ட்ரோல் அடிக்கும்போது திருப்புற நிழல் காட் அடியைக் கூட்டாட்டி உயிரோட இருப்பார், த்ரெட்டும் ஏறாது.

துரும்பு304

இந்த இழையை காலமையில இருந்து வாசிக்கிறன், கொப்பியில எழுதியும் பார்த்தன். உங்களுக்கு குறையிற ஒரு புள்ளி உங்கட காட் கட்டில இல்லை, சிநேகிதன்ர பக்கத்தில இருக்கு. லெகொலாஸ் ரேஞ்ச் உள்ளவர், அடி 3. நீங்கள் பிடிச்ச ட்ரோலை அவர் அங்கயிருந்தே அடிக்கலாம்.

ரெண்டாம் சுற்றில ட்ரோல் யாரிட்டப் போகும் எண்டு பார்த்துக்கொண்டிராம எதிரிகள் வந்து பிடிக்கிற என்கவுண்டர் கட்டத்தில நீங்களே விரும்பிப் பிடியுங்கோ. ஆளுக்கு ஒரு எதிரியை அப்பிடிப் பிடிக்க விதியில இடம் இருக்கு. அதுக்கு முதல், குவெஸ்டுக்கு அரகோர்னையும் தியோடிரெட்டையும் அனுப்புங்கோ. தியோடிரெட் குடுக்கிற ரிசோர்ஸை அரகோர்னுக்கு வையுங்கோ, அதையே செலவழிச்சு அவரை நிமித்துங்கோ, அப்பதான் சண்டையிலயும் அடிக்கலாம். குளோயினும் லெகொலாஸும் குவெஸ்டுக்குப் போகாம நிக்கட்டும். கொம்பட்டில காண்டால்ஃப் 4 சேதம், அவரே தடுப்பார். பிறகு அரகோர்ன் 3, லெகொலாஸ் 3, குளோயின் 2. எட்டில மூண்டு போக அஞ்சு. நாலும் அஞ்சும் ஒன்பது, ட்ரோலின்ர உயிர் மட்டுக்கட்டாப் போகுது. ட்ரோலை விழுத்தின அடியில லெகொலாஸ் பங்கெடுத்ததால குவெஸ்டிலயும் 2 முன்னேற்றம் விழும்.

எங்கட 304 காட் விளையாட்டில கூட்டாளியோட வாய் திறக்கேலாது. இங்க கையில உள்ள காட்டின்ர பேரைத்தான் சொல்லக்கூடாது, திட்டம் தாராளமாக் கதைக்கலாம். "ட்ரோலை நான் பிடிக்கிறன், லெகொலாஸை நிமித்தி வை" எண்டு சொல்லுங்கோ.

எத்தினை காண்டால்ஃப், எத்தினை ஸ்னீக் அட்டாக் வச்சிருக்கிறியள்?

கடற்கரைப்பக்கம்

30 காட் கட்டு. காண்டால்ஃப் 1, ஸ்னீக் அட்டாக் 2.

துரும்பு304

ரெண்டாம் சுற்றில நீங்கள் பார்த்திருக்கிறது 8 காட். அதுக்குள்ள ரெண்டும் கையில இருக்க வாய்ப்பு 11, 12 சதவீதம்தான். காண்டால்ஃபை 3 ஆக்கினா 27. பெட்டியில 4 கிடக்கு, ஒரு கட்டில 3 வரை வைக்கலாம். சிநேகிதன் தன்னிட்ட உள்ளதை எடுத்திட்டா பேர் மோதலும் வராது. போட்டி விதிப்படி 50 காட்டுக்குப் பெருப்பிச்சா அதே 3ம் 2ம் 11க்கு இறங்கிடும், இப்போதைக்கு 30லேயே நில்லுங்கோ. தொடக்கக் கையில ரெண்டில ஒண்டும் இல்லையெண்டா ஒருக்கா மாத்தலாம், மாத்துங்கோ. ஸ்னீக் அட்டாக் பிந்தினா பம்பலப்பிட்டித் தம்பி சொன்ன த்ரெட் குறைப்பு நல்ல யோசனை, அவன்ர பக்கம் ட்ரோல் போறதைப் பார்த்துக்கொண்டால் சரி. அரகோர்னுக்கு சென்டினல் இருக்கிறதால அங்க போய்த் தடுக்க அவரால ஏலும்.

பம்பலப்பிட்டி மச்சான்

அக்கா சொன்னது சரி, 'உங்கள் த்ரெட்' என்றதை நான் கவனிக்காம எல்லாருக்கும் குறைச்சு விளையாடியிருக்கிறன். அந்த வெற்றிகளையும் திருப்பி விளையாடணும்.

கடற்கரைப்பக்கம்

போயாவுக்கு இருந்தம். முதல் ஆட்டத்தில ஸ்னீக் அட்டாக் வரவேயில்லை, தோத்தம். ரெண்டாவதில மாத்தின கையில ரெண்டும் வந்தது. நானே ட்ரோலைப் பிடிச்சன். நிழல் காட்டைத் திருப்பேக்க ரெண்டு பேரும் மூச்சுவிடேல்ல, அதில ஒண்டும் இல்லை. காண்டால்ஃப் ரெண்டு சேதத்தோட நிண்டார், அரகோர்ன், லெகொலாஸ், குளோயின் அடிச்சு சரியா ஒன்பது. அவன் கதிரையால எழும்பி பல்கனிக்குப் போய் ஒருக்கா நிண்டிட்டு வந்தான்.

ஹோர்ன் காட்டின்ர உறைக்குள்ள 'அழிக்கப்பட்டா' எண்டு எழுதின சின்னத் துண்டு ஒண்டு வச்சிருக்கிறம்.