தாழ்த்திய போலோ: முன் டயர் உள்ளே, பின் டயர் வெளியே உரசுகிறது. எத்தனை மி.மீ. ஸ்பேசர் போடலாம்?

கோவை_போலோ

வணக்கம். வண்டி 2015 போலோ ஜிடி டிடிஐ. காயில்ஓவர் (உயரத்தை ஏத்தி இறக்கற வசதியுள்ள ஸ்பிரிங்-ஷாக் செட்) மாட்டி நாலு பக்கமும் ஏறக்குறைய 40 மி.மீ. இறக்கியிருக்கேன். வண்டியோட வந்த வீல் 15 இன்ச், உள்பக்கம் 6ஜே ஈடி40னு அச்சு இருக்கு, டயர் 185/60 ஆர்15. இப்போ மாட்டியிருக்கறது 16 இன்ச் அலாய், 7ஜே ஈடி45, டயர் 195/50 ஆர்16.

நேர் ரோட்டில் சத்தம் இல்லை. ரவுண்டானாவில் கொஞ்சம் வேகமாத் திரும்பினா முன்பக்கம் லேசா உரசுது. பின் சீட்டில் மூணு பேர் உட்கார்ந்து ஸ்பீடு பிரேக்கர் இறங்கினா பின்பக்கம் நல்லா கேக்கற மாதிரி உரசுது. வீல் வாங்கின கடையில் "நாலுக்கும் 20 மி.மீ. ஸ்பேசர் (ஹப்புக்கும், அதாவது வீலை மாட்டற மையத்துக்கும், வீலுக்கும் நடுவில் வைக்கற தட்டு) போட்டுடலாம், உரசலும் நிக்கும், ஃபெண்டரோட (வீலுக்கு மேலே வளைஞ்சு நிக்கற பாடித் தகடு) சமமா வந்து பாக்கவும் நல்லா இருக்கும்"னு சொல்றாங்க. எனக்கும் வீல் ஃபெண்டரோட சமமா நிக்கணும்னுதான் ஆசை. போடலாமா?

சேலம்_ஸ்விஃப்ட்

என் ஸ்விஃப்ட்ல நாலு வீலுக்கும் 20தான் போட்டிருக்கேன் ப்ரோ. ஒரு பிரச்னையும் இல்லை, தாராளமாப் போடுங்க.

மதுரை_அலைன்மென்ட்

தம்பி, காசு கொடுக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் பொறுங்க. ஸ்விஃப்ட் வேற வண்டி. அதுல ஸ்டட்டும் நட்டும், போலோவில் போல்ட். அவர் வண்டியை இறக்கியிருக்காரான்னும் தெரியலை. இன்னொரு வண்டிக்குச் சரியா இருந்த ஸ்பேசர் அளவை உங்க வண்டிக்கு எடுக்கவே முடியாது.

முதல்ல வீல் எவ்வளவு நகர்ந்திருக்குன்னு பாருங்க. ரிம்மோட நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் ஒட்டற முகம் எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளி இருக்கோ அதுதான் ஈடி. ஈடி கூடினா வீல் உள்ளே போகும், குறைஞ்சா வெளியே வரும். பழைய 6ஜே, அதாவது 6 இன்ச் ரிம்மின் அகலம் 152.4 மி.மீ., பாதி 76.2. ஈடி40னா ஹப் முகத்திலிருந்து உள்ளே 116.2, வெளியே 36.2. புது 7ஜே ரிம்மின் அகலம் 177.8, பாதி 88.9. ஈடி45னா உள்ளே 133.9, வெளியே 43.9.

அதாவது ரிம் வெளியே 7.7 மி.மீ. வந்திருக்கு, உள்ளே 17.7 மி.மீ. போயிருக்கு. முன்னால உரசறதுக்குக் காரணம் இங்கேயே இருக்கு. டயர் உயரத்தில் குறை இல்லை: பழையது 603 மி.மீ. விட்டம், புதுசு 601 சொச்சம். ஸ்பீடோமீட்டர் பத்திக் கவலை வேண்டாம்.

ஆனா முன்னால நடக்கறது ஒண்ணு, பின்னால நடக்கறது வேற ஒண்ணு. முன்பக்கம் மேக்பெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண். ஸ்ட்ரட்டும், வீலைத் தாங்கித் திருப்பற ஸ்டியரிங் நக்கிளும் ஒண்ணா இறுக்கிக் கட்டினது. அதனால ஸ்டியரிங் ஒடிச்சாலும் பள்ளத்தில் இறங்கினாலும் டயருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவில் இருக்கற இடைவெளி மாறாது. திரும்பும்போது டயரே பக்கவாட்டில் நெளியும். அப்பதான் மீதி இருக்கற சொற்ப இடைவெளியும் மூடும். காயில்ஓவரில் வண்டியை இறக்க இறக்க ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கற தட்டும் இறங்கி டயருக்குப் பக்கத்தில் வந்துடும். உங்க முன் டயரின் உள் சுவரில் சுத்தி வட்டமா பளபளன்னு ஒரு கோடு இருக்கான்னு பாருங்க.

பின்பக்கம் முறுக்குச் சட்ட ஆக்ஸில், அதாவது ரெண்டு பின் வீலையும் இணைக்கற, முறுக்கிக் கொடுக்கற ஒரே சட்டம். பாரம் ஏறினா வீல் கிட்டத்தட்ட நேரா மேலே போகும், உள்ளே சாயாது. அதனால ஃபெண்டர் விளிம்பில் முட்டும். அங்கே போய் 20 மி.மீ. ஸ்பேசர் போட்டா உரசல் எப்படி நிக்கும்?

அளந்து சொல்லுங்க. கொத்தனார் தூக்குக்குண்டு ஒண்ணு வாங்கிக்கோங்க. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஃபெண்டரின் உச்சி விளிம்பிலிருந்து தொங்க விட்டு, நூலிலிருந்து டயர் புடைப்பு எவ்வளவு உள்ளே இருக்குன்னு நாலு வீலிலும் பாருங்க. ஃபெண்டர் விளிம்பு உள்ளே மடிஞ்சிருக்கும், அந்த மடிப்போட அகலமும் வேணும். முன் டயருக்கும் ஸ்பிரிங் தட்டுக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கற மெல்லிய தகடுகள்) விட்டுப் பாருங்க.

கோவை_போலோ

அண்ணா, அளந்துட்டேன். நீங்க சொன்ன வட்டக் கோடு ரெண்டு முன் டயரிலும் இருக்கு. டயருக்கும் தட்டுக்கும் நடுவில் 2 மி.மீ.தான். முன்னால டயர் புடைப்பு நூலுக்கு 16 மி.மீ. உள்ளே, ஃபெண்டர் மடிப்பு 9. பின்னால டயர் 8 மி.மீ. உள்ளே, மடிப்பு 12. பின் வீலுக்கு உள்பக்கம் விரல் தாராளமாப் போகுது. இடது வலது பெரிய வித்தியாசம் இல்லை.

மதுரை_அலைன்மென்ட்

நல்லா அளந்திருக்கீங்க. பின்பக்கத்தைப் பாருங்க: மடிப்பு 12 மி.மீ. உள்ளே நீட்டிக்கிட்டிருக்கு, டயர் 8 மி.மீ.தான் உள்ளே இருக்கு. வீல் அந்த உயரத்துக்கு ஏறினா மடிப்பு டயரை வெட்டத்தான் செய்யும். 20 போட்டா டயர் ஃபெண்டரைத் தாண்டி 12 மி.மீ. வெளியே நிக்கும். பின்னால ஸ்பேசரே வேண்டாம், பூஜ்யம். அந்த மடிப்பை உருட்டி மேலே மடக்கணும். மடக்கினா 2, 3 மி.மீ.தான் மிஞ்சும், டயருக்கு அஞ்சு மி.மீ. இடம் கிடைக்கும். அது வரைக்கும் பின்பக்கம் 10, 15 மி.மீ. உயர்த்தி ஓட்டுங்க.

முன்னால 5 மி.மீ. போதும். ஸ்ட்ரட் பக்கம் 2 இருந்தது 7 ஆகும். வெளிப்பக்கம் 16 இருந்தது 11 ஆகும், மடிப்பு 9தான், தப்பிச்சிடும். 10 போட்டா வெளியே 6 ஆயிடும், மடிப்புக்குள்ளே வந்துடும். முன் வீல் ஏறும்போது கொஞ்சம் உள்ளே சாயும், அதை நம்பி 10 போடறவங்க இருக்காங்க. ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு ஒரு பள்ளத்தில் இறங்கும்போது அந்தச் சாய்வை நம்பறது எனக்குப் பிடிக்காது. ஸ்பேசர் கூடக் கூட வீல் திரும்பற வட்டமும் பெரிசாகும், பம்பர் ஓரத்தில் இருக்கற பிளாஸ்டிக் லைனரில் தட்டும். பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கறதும் கூடும்.

இன்னொண்ணு, முன்னால 11, பின்னால 8 வந்தா பக்கத்திலிருந்து பார்க்கும்போது ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் இருக்கும். நீங்க ஆசைப்பட்டதும் அதுதானே.

டார்க்_ரெஞ்ச்

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும், ஆனா இது அவசரம். புது அலாயை எந்த போல்ட் வெச்சு மாட்டினாங்க? பழைய கம்பெனி போல்ட்டா?

கோவை_போலோ

ஆமா, வண்டியோட வந்த அதே போல்ட்தான். ஏன்?

டார்க்_ரெஞ்ச்

அப்படின்னா வண்டியை எடுக்காதீங்க. ஃபோக்ஸ்வாகன் கம்பெனி போல்ட்டின் தலைக்கு அடியில் உருண்டை வடிவம் இருக்கும். வெளியில் வாங்கற அலாய்களில் பெரும்பாலும் 60 டிகிரி கூம்புக் குழி. உருண்டை கூம்புக்குள்ளே உட்கார்ந்தா ஒரு மெல்லிய வட்டத்தில்தான் தொடும். இறுக்கினது போல இருக்கும், ஓட ஓடத் தளரும். ஒரு போல்ட்டைக் கழற்றி ரிம் குழியையும் தலையையும் பாருங்க. கூம்பா இருந்தா இன்னைக்கே கூம்புத் தலை போல்ட் வாங்குங்க, அளவு எம்14 (14 மி.மீ. தடிமன்), பிட்ச் (மரை இடைவெளி) 1.5.

நீளம்: 5 மி.மீ. ஸ்பேசருக்கு 5 மி.மீ. நீளமான போல்ட்னு எல்லாரும் சொல்வாங்க. அது அதே ரிம்முக்குத்தான் பொருந்தும். உங்க ரிம்மே மாறியிருக்கு, குழிக்கு அடியில் இருக்கற கனமும் மாறியிருக்கும். அதனால சுத்து எண்ணுங்க. கையால் போட்டு, தொடங்கினதிலிருந்து உட்காரும் வரைக்கும் குறைஞ்சது ஏழரைச் சுத்து வரணும். அதுக்குக் குறைஞ்சா நீளம் போதாது.

அதிக நீளமும் ஆபத்து. உங்க வண்டிக்குப் பின்னால டிரம் பிரேக். ஸ்பேசர் இல்லாத பின் வீலில் முன் வீலோட நீள போல்ட்டைப் போட்டுட்டா, நுனி ஹப்பைத் தாண்டி டிரம்முக்குள்ளே நீட்டி பிரேக் ஷூ பக்கம் உரசலாம். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி டப்பாவில் வைங்க. மாட்டினதும் வீலைத் தூக்கிக் கையால் சுத்திப் பாருங்க, கிளிக் சத்தம் வந்தா ஓட்டக் கூடாது. இறுக்கம் 120 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்சில்தான். ஏர் கன்னில் விட்டு முடிச்சுடாதீங்க.

கோவை_போலோ

கழற்றிப் பார்த்தேன், குழி கூம்புதான். வண்டியை நிறுத்தி வெச்சுட்டு ஆட்டோவில் போய் கூம்பு போல்ட் வாங்கிட்டு வந்தேன். ரொம்ப நன்றி அண்ணா, இதை யாருமே சொல்லலை.

இன்னொரு சந்தேகம். இங்கே லேத் பட்டறைக்குப் பஞ்சம் இல்லை. 5 மி.மீ. ஸ்பேசரை அங்கேயே அடிச்சுக்கலாமா?

திருச்சி_லேத்

நான் லேத்காரன், அதனாலதான் சொல்றேன்: ரெடிமேடா கிடைச்சா அதையே வாங்குங்க. ஸ்பேசரில் முக்கியம் ரெண்டு முகமும் துல்லியமா இணையா இருக்கறது. ஒரு பக்கம் மயிரிழை கனம் கூடினாலும் ஸ்டியரிங் ஆடும். பழைய தட்டு அலுமினியத்தில் அடிச்சா இறுக்கத்தில் நசுங்கும்.

லேத்தில் செய்யச் சொல்ல வேண்டியது ஹப் வளையம். போலோ ஹப்பின் நடுவில் வட்டமா நீட்டிக்கிட்டிருக்கற உதட்டின் விட்டம் 57.1 மி.மீ. உங்க அலாயின் நடு ஓட்டை அநேகமா 73.1 இருக்கும், நடுவில் பிளாஸ்டிக் வளையம் போட்டிருப்பாங்க. 5 மி.மீ. ஸ்பேசர் வந்ததும் உதட்டில் அந்த 5 மி.மீ. போயிடும். மிச்சம் எவ்வளவு நீட்டுதுன்னு வெர்னியரில் பாருங்க. வளையத்தின் விளிம்பில் சரிவு இருந்தா அந்த மிச்சம் அதைப் பிடிக்காமலே போகலாம். அப்போ வீல் போல்ட்டில் மட்டும் தொங்கும், 90, 100 வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும்.

சட்டம்_தெரிஞ்சவன்

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 பிரகாரம், தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கு. டயர் ஃபெண்டருக்கு வெளியே நீட்டிக்கிட்டு நிக்கற வண்டியைத்தான் முதல்ல ஓரங்கட்டச் சொல்வாங்க. விபத்து நடந்தா இன்சூரன்ஸ் சர்வேயர் கண்ணிலும் ஸ்பேசர் படும். கம்பெனி வீல் செட்டை விக்காம வெச்சுக்கோங்க.

கோவை_போலோ

நிலவரம் சொல்றேன். முன்னால 5 மி.மீ. ரெடிமேட் ஸ்பேசர், புது கூம்பு போல்ட், எட்டுச் சுத்து பிடிக்குது. பின்னால ஸ்பேசர் இல்லை, 15 மி.மீ. உயர்த்தியாச்சு. ரவுண்டானா உரசல் சுத்தமா நின்னுடுச்சு. ஆனா அவிநாசி ரோட்டில் 90 தாண்டினதும் ஸ்டியரிங் நடுங்குச்சு. திருச்சி அண்ணன் சொன்ன மாதிரியே, வலது பக்கப் பிளாஸ்டிக் வளையத்தை உதடு பிடிக்கவே இல்லை. முழு ஆழத்துக்கு அலுமினிய வளையம் லேத்தில் அடிச்சு, ஹப் முகத்துத் துருவை வயர் பிரஷ்ஷில் தேய்ச்சு மாட்டினேன். நடுக்கம் போயிடுச்சு.

பின் ஃபெண்டர் மடிப்பை உருட்ட ஆள் பார்த்திருக்கேன். பெயின்ட் வெடிக்காம இருக்க என்ன செய்யணும்?

மதுரை_அலைன்மென்ட்

ஹீட் கன்னில் பெயின்ட்டை நல்லாச் சூடாக்கிக்கிட்டே உருட்டச் சொல்லுங்க. ஒரே மூச்சில் மடக்காம, கொஞ்சம் கொஞ்சமா பல தடவை போகணும். பின் ஃபெண்டரில் ரெண்டு தகடு சேர்ற இடம் அது, உள்ளே சீலன்ட் இருக்கும். உருட்டும்போது அது பிளக்கும். அன்னைக்கே புது சீலன்ட் பூசிடுங்க, இல்லேன்னா மழைத் தண்ணி இறங்கி உள்ளிருந்து துரு பிடிக்கும்.

உருட்டி முடிச்சதும் பின்பக்கத்தைப் பழைய உயரத்துக்கு இறக்குங்க. பின் சீட்டிலும் டிக்கியிலும் அரிசி மூட்டை ஏத்தி, வழக்கமா உரசற அதே ஸ்பீடு பிரேக்கரில் மெதுவா இறக்கிப் பாருங்க. மடிப்பில் கொஞ்சம் சாக்பீஸ் தேய்ச்சு விட்டா எங்கே தொடுதுன்னு டயர் காட்டும். அதுக்கப்புறம் வீல் அலைன்மென்ட். உயரம் மாறினா டோ (வீல் நேரா இல்லாம உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கற அளவு) மாறும், சரி பண்ணாம ஓட்டினா புது டயரோட ஒரு ஓரம் சீக்கிரம் போயிடும்.

டார்க்_ரெஞ்ச்

வளையம் மாத்தினப்போ வீலைக் கழற்றி மாட்டியிருக்கீங்க இல்லையா? 50லிருந்து 100 கி.மீ. ஓடினதும் வண்டி ஆறினப்புறம் எல்லா போல்ட்டையும் மறுபடி 120ல் பாருங்க. ஃபெண்டர் வேலை முடிஞ்சு மாட்டும்போதும் அப்படியே. பின்னால போடறது குட்டை போல்ட்தானான்னு நீங்களே நின்னு பாருங்க, கடைப் பையன்கிட்ட விட்டுடாதீங்க.