திருச்சி ஏர்போர்ட் வழியாகப் போய் வந்தவர்கள் இங்கே சொல்லுங்கள்

திருவெறும்பூர்க்காரன்

புது முனையத்தில் பயணிகள் ஏறி இறங்கத் தொடங்கியது 2024 ஜூன் 11 அன்று. கோபுரம், வண்ண ஓவியம், உயரமான கூரை பற்றியெல்லாம் எல்லோரும் பேசியாயிற்று. நான் கேட்பது வேறு. இங்கிருந்து ஏறி எங்கே போனீர்கள், நடுவில் எந்த ஊரில் மாறினீர்கள், திருச்சியில் ஏறியது உதவியாக இருந்ததா, இல்லை சென்னைக்கே போயிருக்கலாம் என்று தோன்றியதா?

புது முனையம் வருடத்துக்கு 44 லட்சம் பேருக்கு என்று கட்டியது. கோவிட்டுக்கு முந்தைய 2019-20இல் இங்கே வந்து போனவர்கள் சுமார் 16 லட்சம் பேர். அதாவது இடம் தாராளமாக இருக்கிறது. இனி விமானங்கள்தான் வர வேண்டும். தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்தபடியாக அதிக வெளிநாட்டுப் பயணிகள் திருச்சியில்தான். உள்நாட்டுக்குப் பறப்பவர்களைவிட வெளிநாட்டுக்குப் பறப்பவர்கள் அதிகமாக இருக்கும் நடுத்தர ஊர் விமான நிலையம் இந்தியாவில் அதிகம் கிடையாது. அப்படிப்பட்ட இடத்துக்கு எந்த ஊரோடு நேர் விமானம் வேண்டும் என்பதை, போய் வந்தவர்கள் சொன்னால்தான் சரியாக இருக்கும்.

பழைய முனையத்தை நினைத்துப் பார்க்கிறேன். இரவில் சிங்கப்பூர், கோலாலம்பூர் விமானங்கள் அடுத்தடுத்து இறங்கிவிட்டால் இமிக்ரேஷன் வரிசை படிக்கட்டு வரை வந்துவிடும். கைக்குழந்தையோடு நின்ற பெண்களை முன்னால் விடச் சொல்லி யாராவது குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கட்டடம் எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

கூத்தாநல்லூர் பையன்

எங்கள் ஊரைச் சுற்றுவட்டாரத்தில் சின்ன சிங்கப்பூர் என்றுதான் சொல்வார்கள். அதனால் இந்தக் கேள்விக்கு நான் பாட்டனார் காலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

பாட்டனார் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர். கப்பல் கரைக்கு வராது, தள்ளி நிற்கும். படகில் போய்த்தான் ஏற வேண்டும். பினாங்கு போய்ச் சேரவே ஒரு வாரம். ரஜூலாவுக்குப் பிறகு எம்.வி. சிதம்பரம் ஓடியது. 1985 பிப்ரவரியில் அது நடுக்கடலில் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் போக்குவரத்தே முடிந்துவிட்டது. அத்தா காலத்தில் சென்னை. மன்னார்குடி வந்து ராத்திரி பஸ் பிடித்து, விடிந்ததும் தாம்பரத்தில் இறங்கி, திரிசூலம் போய், விமானம் மாலையில் என்றால் பகல் முழுவதும் வெளியிலேயே உட்கார்ந்திருப்பார்கள். வழியனுப்பப் போனவர்களுக்கு அங்கே தங்க இடம் கிடையாது என்பதால் அம்மா ஒரு தடவைகூடப் போனதில்லை.

நான் திருச்சியில் ஏறுகிறேன். வீட்டில் இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பினால் போதும். சிங்கப்பூருக்கு நான்கு மணி நேரம். முதல் தடவை போகும்போது வேனில் அம்மா, அக்கா, மச்சான், அவர்கள் பிள்ளைகள் என்று எல்லோரும் வந்தார்கள். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, நான் பெட்டியை எடைக்கு வைத்து முடிக்கும் வரை அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பத்திரமாகப் போய்விட்டானா என்று மூன்று நாள் தவித்த காலமெல்லாம் போய்விட்டது, அதிகாலையில் நான் செய்த போனோடு அம்மா தூங்கப் போய்விட்டார்கள்.

பட்டுக்கோட்டை, அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, மன்னார்குடி, லால்குடி, புதுக்கோட்டை, இந்த ஊர்களிலிருந்து கிழக்கே போன குடும்பங்கள்தான் இந்த விமான நிலையத்தை வளர்த்தன. மலேசிய விமான நிறுவனமான ஏர் ஏஷியா இந்தியாவுக்குள் முதன்முதலில் இறங்கிய ஊர் எது தெரியுமா? மும்பையும் இல்லை, டெல்லியும் இல்லை. 2008 டிசம்பரில் திருச்சி. எங்கே பயணிகள் இருக்கிறார்கள் என்று அவர்கள் கணக்குப் போட்டுத்தான் வந்திருக்கிறார்கள்.

கும்பகோணம் அம்மா

மகள் மெல்போர்னில் இருக்கிறாள். பிரசவத்துக்கு நான் தனியாகப் போனேன். அவருக்கு முட்டி வலி, வர முடியவில்லை. எனக்கு 60 தாண்டிவிட்டது, ஆங்கிலம் படிக்கத் தெரியும், பேச வராது. சென்னை போய் ஏறுவதா, திருச்சியில் ஏறி கோலாலம்பூரில் மாறுவதா என்று வீட்டில் ஒரு வாரம் பேச்சு. கடைசியில் மகளே ஒரே டிக்கெட்டாகத் திருச்சி – கோலாலம்பூர் – மெல்போர்ன் என்று எடுத்துவிட்டாள். பெட்டியைத் திருச்சியில் போட்டால் மெல்போர்னில்தான் எடுக்க வேண்டும், நடுவில் ஒன்றும் செய்ய வேண்டாம் என்றாள்.

திருச்சியில் எடை போடும்போது பெட்டி இரண்டு கிலோ கூடிவிட்டது. கவுன்ட்டரில் இருந்த பெண் கடிந்துகொள்ளாமல், "ஓரமா வச்சு எடுத்துட்டு வாங்கம்மா" என்றாள். பிரசவ மருந்துப் பொடியையும் ஒரு பித்தளைக் கிண்ணியையும் கைப்பையில் மாற்றினேன். முறுக்கு டப்பாவை மருமகப்பிள்ளையின் தம்பியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கோலாலம்பூரில் இறங்கியதும் கால் நடுங்கியது உண்மை. மகள் ஒரு தாளில் விமான எண்ணையும் நேரத்தையும் பெரிதாக எழுதி, கீழே ஆங்கிலத்தில் "இவருக்கு மெல்போர்ன் விமானத்துக்கு வழி காட்டுங்கள்" என்று எழுதியிருந்தாள். அதை நீட்டியபடி நின்றேன். சீருடையில் வந்த ஒரு பெண் அதைப் படிக்கக்கூட இல்லை, என் முகத்தையும் புடவையையும் பார்த்துவிட்டு, "எந்த ஊரும்மா? சாப்பிட்டீங்களா?" என்றாள். மலேசியத் தமிழ்ப் பெண். கேட் வரைக்கும் கூடவே நடந்து வந்து, உட்கார வைத்து, எத்தனை மணிக்குக் கூப்பிடுவார்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும்.

மெல்போர்னில் சாப்பாட்டுப் பொருள், மருந்துப் பொடி எல்லாவற்றையும் அட்டையில் எழுதிக் காட்டிவிட வேண்டும். நான் எழுதிக் காட்டினேன், பிரித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். மறைத்தால் அபராதம் என்கிறார்கள். தனியாகப் போகும் அம்மாக்கள் யாராவது இதைப் படித்தால், பயப்படாமல் போங்கள், ஆனால் ஒரே டிக்கெட்டாக எடுக்கச் சொல்லுங்கள்.

புதுக்கோட்டை டிக்கெட் ஏஜென்ட்

அம்மா சொன்ன அந்த ஒரே டிக்கெட் விஷயத்தை நான் தினமும் நாலு பேரிடம் சொல்கிறேன். தனித்தனியாக எடுத்தால் சில ஆயிரம் மிச்சமாகும், உண்மைதான். ஆனால் திருச்சியிலிருந்து பாடிக் ஏர் விமானத்தில் போனால் கோலாலம்பூரில் முதல் முனையத்தில் இறங்குவீர்கள். அடுத்தது ஏர் ஏஷியா என்றால் அது இரண்டாவது முனையம். இமிக்ரேஷன் தாண்டி, பெட்டியை எடுத்து, ரயிலில் மாறி, மறுபடி செக்-இன். முதல் விமானம் தாமதமானால் அடுத்த டிக்கெட்டின் பணம் போனதுதான், யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு மலேசியாவில் 30 நாள் விசா தேவையில்லை என்பதால் இப்படி வெளியே வந்து மாறுவது இப்போது முடிகிறது. வருகை அட்டையை மட்டும் ஆன்லைனில் முன்பே நிரப்பிவிட வேண்டும்.

இனி வளைகுடா பற்றி. கிழக்கே போகிறவர்களுக்கு இவ்வளவு வசதி, துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் போகிறவர்களுக்கு ஏன் இல்லை என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை. காரணம், எந்த நாட்டு விமானம் எந்த ஊரில் இறங்கலாம் என்று நாடுகள் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தம். ஆசியான் எனப்படும் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் விமானங்கள் எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லாமல் வரலாம் என்று இந்தியா திறந்துவிட்ட 18 ஊர்களில் திருச்சியும் ஒன்று. அதனால்தான் ஸ்கூட், ஏர் ஏஷியா, பாடிக் எல்லாம் இங்கே வந்தன, 2023 நவம்பரில் ஹோ சி மின் நகரிலிருந்து வியட்ஜெட்டும் வந்தது. ஐக்கிய அரபு எமிரேட்ஸுடன் போட்ட ஒப்பந்தத்தில் அவர்கள் இறங்கக்கூடிய ஊர்களின் பட்டியலில் திருச்சி இல்லை. கொச்சி, கோழிக்கோடு, திருவனந்தபுரம் இருக்கின்றன. கோயம்புத்தூரும் இருக்கிறது, ஷார்ஜாவின் ஏர் அரேபியா அங்கே வந்து போகிறது. இங்கே துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் இந்திய நிறுவனங்கள் மட்டும்தான் ஓட்ட முடியும். அவர்கள் விமானத்தைக் குறைத்தால் கட்டணம் ஏறுகிறது, வேறு வழியும் கிடையாது. அறந்தாங்கிப் பையன் ஒருவன் லீவு முடிந்து திரும்ப, கொச்சிக்கு ராத்திரி பஸ்ஸில் போய் ஏறினான். வீட்டு வாசலிலேயே ஓடுபாதை இருக்க, பக்கத்து மாநிலத்துக்குப் போய் ஏறுவது எனக்கு மனசு ஆறவில்லை.

ஓடுபாதையும் ஒரு தடை. இருப்பது சுமார் 8,000 அடி. ஏ320, 737 மாதிரி விமானங்களுக்குப் போதும். நீண்ட தூரம் போகும் பெரிய விமானம் முழுப் பாரத்தோடு கிளம்ப இது பற்றாது. நீட்டிக்க நிலம் எடுக்கும் வேலை வருடக்கணக்காக இழுத்துக்கொண்டே போகிறது.

அன்னவாசல்

விமானம் என்றால் எனக்கு 2024 அக்டோபர் 11தான். ஆயுத பூஜை. கடையில் பூஜை முடித்துப் பொரி கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு விமானம் சுற்றிச் சுற்றி வருகிறது. முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் டிவியில் சொன்னார்கள், திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம், ஹைட்ராலிக் கோளாறு, 141 பயணிகள், எரிபொருளைக் குறைக்கத்தான் வட்டமடிக்கிறது என்று.

எங்கள் தெருவே மொட்டை மாடிக்குப் போய்விட்டது. இருட்டிய பிறகு விளக்கு மட்டும் தெரியும், சத்தம் வரும், மறுபடி தூரமாகும். பக்கத்து வீட்டு அக்காவின் தம்பி அன்று ஷார்ஜா போகிறவன். அதே விமானமா என்று யாருக்கும் தெரியாது, போன் போகவில்லை. அக்கா மாடிக்கு வரவே இல்லை, பூஜை விளக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டரை மணி நேரம். எட்டேகால் வாக்கில் பத்திரமாக இறங்கிவிட்டது என்றார்கள். கீழே இருந்து அக்காவின் அழுகைச் சத்தம் கேட்டது. தம்பி அதில்தான் இருந்திருக்கிறான்.

அந்த விமானிகள் இரண்டு பேரையும் நான் பார்த்ததில்லை, இனி பார்க்கப் போவதும் இல்லை. எங்கள் தெருவில் அவர்களுக்காக வேண்டிக்கொண்டவர்கள் பலர்.

தம்பி பிற்பாடு வேறு நாளில் போனான். போகாமல் எப்படி, வேலை அங்கே இருக்கிறது.

பலாலிப் பக்கம்

நான் யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். 2025 மார்ச் கடைசியில் இருந்து எங்கட பலாலி விமான நிலையத்துக்கும் திருச்சிக்கும் இண்டிகோ விமானம் பறக்கிறது. எங்கட ஓடுபாதை குட்டை என்றபடியால் சின்ன ஏடிஆர் விமானம்தான். ஏறி ஒரு மணித்தியாலத்துக்குள்ள இறங்கியாச்சு.

அதுக்கு முந்தி, திருச்சிக்கு வாறதெண்டால் இரவு பஸ்ஸில் கொழும்புக்குக் கிட்ட இருக்கிற கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகவேணும். தெற்கே அவ்வளவு தூரம் இறங்கி, பிறகு அதே தூரம் வடக்கே பறந்து வரவேணும். அம்மாவின் தங்கச்சி, எங்கட சின்னம்மா, 1990இல் படகில் வந்து, திருச்சி கொட்டப்பட்டு அகதி முகாமில் இருக்கிறா. அந்த முகாம் விமான நிலையத்துக்குக் கிட்ட. விமானம் இறங்கிற சத்தத்தை ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டு இருந்தவ, ஒரு நாளும் அதில் எங்களுக்குத் தெரிஞ்ச ஆரும் வந்ததில்லை.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தன். வெளியில் வந்ததும் சின்னம்மா நிண்டா. இரண்டு பேரும் ஒண்டும் கதைக்கேல்லை. அம்மா கொண்டுவந்த ஒடியல், அதுதான் காயவைச்ச பனங்கிழங்கு, அந்தப் பையைத்தான் முதலில் குடுத்தா. பிறகு ஆட்டோவில் ஏறின பிறகுதான், "உனக்கு ஏன் இப்பிடி மெலிவு?" எண்டு கேட்டா.

கும்பிட வாற ஆக்கள், கலியாணச் சீலை எடுக்க வாற ஆக்கள், வைத்தியத்துக்கு வாற ஆக்கள் எண்டு விமானத்தில் சனம் இருக்குது. இந்தச் சேவையை நிறுத்தாமல் வைச்சிருந்தால் எங்களுக்குப் பெரிய உதவி.

செம்பட்டு டாக்ஸி

ஒரு விஷயம் மட்டும். புதுக்கோட்டை ரோட்டில் பஸ்ஸிலிருந்து இறங்கினால் முனையம் தூரம். வயசானவர்கள் வெயிலில் பெட்டியை இழுத்துக்கொண்டு நடப்பதை நாங்கள் தினமும் பார்க்கிறோம், பல தடவை காசு வாங்காமல் ஏற்றிப் போய் விட்டிருக்கிறோம். எங்கள் சவாரி போனாலும் பரவாயில்லை, பஸ் உள்ளே வாசல் வரை, ராத்திரியிலும் வர வேண்டும். இங்கே கூட்டமே ராத்திரியில்தான்.

லால்குடி

அம்மாவை லண்டனுக்கு அண்ணன் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். பிரிட்டன் விசா வந்துவிட்டது. திருச்சியில் ஏறி கொழும்பில் மாறினால் சரியாக இருக்குமா? யாராவது போயிருக்கிறீர்களா?

புதுக்கோட்டை டிக்கெட் ஏஜென்ட்

தாராளமாகப் போகலாம். ஸ்ரீலங்கன் விமானத்திலேயே திருச்சி – கொழும்பு, கொழும்பு – ஹீத்ரோ என்று ஒரே டிக்கெட்டாக எடுங்கள். கொழும்புக்கு ஒரு மணி நேரம்தான், அங்கே தமிழில் கேட்டு மாறிக்கொள்ளலாம். விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் மாறினால் இலங்கை விசா வேண்டாம். காத்திருக்கும் நேரம் மூன்று மணிக்குக் குறையாமல் பாருங்கள், அவசரமாக ஓடும்படி எடுக்காதீர்கள். டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேட்டுவிடுங்கள், அதற்குத் தனிக்கட்டணம் இல்லை. வீல்சேர் என்றால் அம்மா சங்கடப்படுவார்கள், பரவாயில்லை, ஹீத்ரோவில் இமிக்ரேஷன் தாண்டி அண்ணன் கையில் ஒப்படைக்கும் வரை கூடவே ஆள் வருவார்கள்.