குப்பை பிரிக்கும் திட்டத்தின் பலனை எப்படி அளப்பது?

வணக்கம் நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். 2016 திடக்கழிவு விதிகள் சொன்னதுபோல மக்கும், மக்காத, அபாயகரமான குப்பை என்று மூன்றாகப் பிரிக்கும் திட்டம் எங்கள் நகரில் நடக்கிறது. அதன் பலனை அளக்க வேண்டும். "பிரிக்கிறீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்கிறார்கள், பச்சை வாளியைத் திறந்தால் வாழைப்பழத் தோலுக்கு நடுவே பால் கவரும் டயப்பரும்! அதனால் சில வீடுகளின் குப்பையை ஒரு வாரம் பிரித்து எடை போடலாமென நினைக்கிறேன். ஆனால் முன்பே சொன்னால் அந்த வாரம் மட்டும் ஒழுங்காகப் பிரிப்பார்கள், சொல்லாமல் கிளறுவதும் முறையில்லை. மழை பெய்தால் ஈரத்திலேயே எடை ஏறிவிடும், அது வேறு. அப்புறம், திட்டம் இன்னும் வராத பக்கத்துத் தெருவோடு ஒப்பிட்டால் சரியாக இருக்குமா? எத்தனை வீடு எடுத்தால் போதும்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.