கடலே இல்லாத ஊரிலிருந்து கட்டமரான் சம்பியன்: ஆஷ்பி கதை நமக்கு உதவுமா?

நோர்வூட்காரன்
மலையகப் பிள்ளைகளுக்குத் தண்ணி விளையாட்டு எதற்கு, கிரிக்கெட்டும் ஓட்டமும் போதும் என்று போன வாரம் இங்கே ஒருத்தர் எழுதியிருந்தார். அதற்குப் பதிலாகத்தான் இதைத் தொடங்குகிறேன். க்ளென் ஆஷ்பி, அவுஸ்திரேலியர், 1977இல் பிறந்தவர். வளர்ந்த ஊர் பெண்டிகோ, மெல்போர்னிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் உள்ளே, ஒரு காலத்தில் தங்கம் தோண்டிய ஊர். கடல் கிடையாது. பக்கத்தில் இருந்தது எப்பலொக் நீர்த்தேக்கம், 1960களில் ஆற்றை மறித்துக் கட்டியது. நம்ம காசல்ரீயும் அதே 1960களில் கெசல்கமு ஓயாவை மறித்துக் கட்டியதுதானே? அந்தத் தண்ணியில் பழகின மனுசன் ஏ கிளாஸ் கட்டமரானில் (இரண்டு உடல் சேர்த்த பாய்ப்படகு) 10 தடவை உலக சம்பியன், 2008 ஒலிம்பிக்கில் டொர்னாடோ வகைப் படகில் டேரன் பண்டொக்கோடு வெள்ளி, 2017இல் நியூசிலாந்து அணிக்குத் தலைவராக நின்று அமெரிக்கா கிண்ணம் என்ற பெரிய பாய்ப்படகுப் போட்டியில் வெற்றி. இவ்வளவும் ஓர் அணைக்கட்டுத் தண்ணியில் தொடங்கியது.

ஹட்டன் கணக்கன்
ஏரியைப் பார்த்தீங்க, ஏரிக்குப் பக்கத்தில் என்ன இருந்தது என்று பார்க்கவில்லை. பெண்டிகோவில் கட்டமரான் கட்டி வெளிநாட்டுக்கு அனுப்புகிற தொழிற்சாலையே இருக்கிறது. படகுக் கழகம் இருக்கிறது. ஆஷ்பி பாய் தைக்கும் தொழில் படித்தவர், தன் பாயைத் தானே வெட்டித் தைத்து, சரியில்லையென்றால் அடுத்த வாரமே மாற்றிப் போடுவார். நமக்கு இதில் எது இருக்கிறது? முரளியையே எடுங்க. கண்டியில் பிறந்ததால் மட்டும் 800 விக்கெட் வரவில்லை. புல்தரை இருந்த பாடசாலை, வேகப்பந்து வேண்டாம் சுழல் போடு என்று சொல்ல ஒரு கோச், இரண்டும் இருந்தது. அணைக்கட்டு மட்டும் இருந்தால் கரண்டுதான் வரும்.

பண்டாரவளை பாலா
கரண்டும் ஒழுங்காக வருவதில்லை அண்ணே 😄

ஹட்டன் கணக்கன்
இன்னொன்று. 2017இல் கிண்ணப் போட்டி நடந்த பெர்முடாவில் சுக்கானைப் பிடித்தது பீட்டர் பர்லிங், அப்போது அவருக்கு 26 வயது. ஆஷ்பி கையில் இருந்தது வீடியோ கேம் ரிமோட் மாதிரி ஒரு பெட்டி. சிறகுப்பாயை, அதாவது விமான இறக்கை மாதிரி விறைப்பான பாயை, அதில் பட்டன் அழுத்தித்தான் திருப்பினார். அதற்குச் சக்தி கொடுக்கப் பெடல் மிதித்தவர்கள் வேறு ஆட்கள், அதில் ஒருவர் ஒலிம்பிக் சைக்கிள் வீரர். இதில் "ஆஷ்பி கிண்ணம் வென்றார்" என்று எழுதுவது கொஞ்சம் அதிகம்.

தலவாக்கலை சுதா
கணக்கன் அண்ணா, பட்டன் என்று சொல்லிவிட்டு நகர முடியாது. அந்தப் படகு ஓடும் விதத்தைப் பாருங்க. வேகம் எடுக்க எடுக்க முன்னாலிருந்து அடிக்கும் காற்றும் கூடும், படகு உணர்வது அந்த இரண்டும் சேர்ந்த காற்றைத்தான். அதனால்தான் வீசுகிற காற்றைவிட வேகமாக அதால் ஓட முடிகிறது. ஆனால் வேகம் மாறும்போதெல்லாம் காற்றின் திசையும் மாறினது போல ஆகும், பாய் உடனே அதற்கு ஏற்ற மாதிரி திரும்ப வேண்டும். படகோ தண்ணீருக்கு மேலே ஃபொயிலில், அதாவது தண்ணிக்குள் இருந்து படகைத் தூக்கும் சின்ன இறக்கையில், நிற்கிறது, பாயில் ஒரு சின்னப் பிழை போதும், மூக்குக் குத்திக் கவிழும். அதே 2017இல் அரையிறுதியில் பிரிட்டன் அணியோடு மோதும்போது இவர்களே அப்படிக் கவிழ்ந்தவர்கள்தான். அப்புறம் படகைச் சரிசெய்து வந்து, இறுதியில் அமெரிக்காவை 7-1 என்று அடித்தார்கள். இந்த வேலைக்கு விளையாட்டுப் பிள்ளையை நிறுத்த முடியாது, வருடக்கணக்காகக் காற்றைப் பார்த்த கண் வேண்டும்.

ஏ கிளாஸில் இன்னும் தெளிவாகத் தெரியும். 5.49 மீட்டர் நீளம், எடை 75 கிலோதான், ஆள் ஒருவர். சுக்கான், பாய், கம்பியில் தொங்கிச் சமநிலை, எல்லாம் அவரே. அங்கே பர்லிங்கும் இல்லை, மிதிக்க ஆளும் இல்லை. 2018இல் ஹார்வி பேயில் பத்தாவது பட்டம், வயது 40 தாண்டியாச்சு.

நோர்வூட்காரன்
நன்றி சுதா. 2013 அமெரிக்கா கிண்ணத்தை மறந்துவிட்டார்கள். சான் பிரான்சிஸ்கோவில் நியூசிலாந்து 8-1 என்று முன்னால் நின்றது, ஒரே ஒரு வெற்றி போதும். லேசான காற்றில் முன்னால் ஓடிக்கொண்டிருந்த ஒரு பந்தயம் 40 நிமிட எல்லைக்குள் முடியாததால் ரத்தானது. பிறகு வரிசையாகத் தோற்று, அமெரிக்க அணி 9-8 என்று வென்றது. அந்தப் படகிலும் சிறகுப்பாய் ஆஷ்பியிடம்தான் இருந்தது. அப்படியொரு தோல்விக்குப் பிறகு நான்கு வருடம் கழித்து அதே அணிக்குத் தலைவராகத் திரும்பி வந்ததைத்தான் நான் பெரிதாகச் சொல்கிறேன், பதக்கக் கணக்கை இல்லை.

ஹட்டன் கணக்கன்
அவுஸ்திரேலியர் நியூசிலாந்துக்கு ஓடினார், சம்பளம் இருந்தது, ஓடினார். அதில் பிழை சொல்லவில்லை. என் கேள்வி அப்படியே நிற்கிறது: பெண்டிகோ கதையை வைத்து நோர்வூட்டில் என்ன செய்யப் போகிறீங்க? ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபாய் தோட்டச் சம்பளத்துக்கே 2021 வரை போராடிய வீடுகள் இவை. இலங்கையில் பாய்ப்படகுக் கழகம் என்றால் கொழும்பு, போல்கொட பக்கம். அங்கே போகிற பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்று எல்லாருக்கும் தெரியும்.

மஸ்கெலியா மாமா
தம்பிமார்களே, காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. ஜூன், ஜூலையில் காசல்ரீ, மவுசாகலை இரண்டிலும் காற்று ஒரு பக்கமிருந்து வராது. மலை வெட்டு வழியாக ஒரு தள்ளு, நின்றுவிடும், எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு தள்ளு. அந்தத் தள்ளு தண்ணியில் கறுப்பாக ஓடிவரும், பார்த்தாலே தெரியும். இதில் படகு விட முடியுமா?

தலவாக்கலை சுதா
மாமா, அதுதான் நல்ல பள்ளிக்கூடம்! மலை சூழ்ந்த ஏரியில் காற்று நிலையாக வீசாது. அந்தக் கறுப்பைப் பார்த்து, அது வந்து சேருவதற்கு முன்னே பாயைத் தயாராக வைக்கப் பழகுகிறார்கள். கடலில் மட்டும் பழகினவருக்கு இந்தக் கண் சுலபத்தில் வராது.

ஆஷ்பி தண்ணியை விட்டு வெளியே போனபோதும் இதே கண்தான் உதவியது. 2022 டிசம்பரில் தென் அவுஸ்திரேலியாவின் கெய்ட்னர் உப்பு ஏரியில், சக்கரம் பூட்டிய பாய்வண்டியில் மணிக்கு 222 கிலோமீட்டர். காற்றால் தரையில் ஓடும் வண்டிக்கு அதுவரை இருந்த சாதனை சுமார் 203.

பண்டாரவளை பாலா
222ஆ! நம்ம உடரட மெனிக்கே ரயில் இன்னும் எல்லயில் வளைந்துகொண்டிருக்கிறாள்.

ஹட்டன் கணக்கன்
சுதா சொன்ன காற்று விசயத்தை ஏற்கிறேன், சரி. காசு விசயத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

நோர்வூட்காரன்
சொல்கிறேன். கட்டமரான் முதல் படி இல்லை. உலகம் முழுக்கப் பிள்ளைகள் தொடங்குவது ஒப்டிமிஸ்ட் என்ற பெட்டி மாதிரிப் படகில், நீளம் 2.3 மீட்டர்தான். 1947இல் அமெரிக்காவில் அதை வரைந்ததே ப்ளைவுட்டில் வீட்டில் செய்துகொள்ளலாம் என்றுதான். நம்ம தோட்டத்து ஆசாரியால் அதைச் செய்ய முடியாதா?

ஹட்டன் கணக்கன்
செய்வார், நல்லாவே செய்வார். அதற்குப் பிறகு உயிர்காப்பு அங்கி யார் வாங்குவது? கவிழ்ந்த பிள்ளையைத் தூக்க மோட்டார் படகோடு யார் நிற்பது? நீர்த்தேக்கத்தில் இறங்க மின்சார சபைக்குக் கடிதம் எழுதுவது யார்? இந்த மூன்றுக்கும் ஆள் பெயர் சொல்லுங்க, அப்புறம் பேசலாம்.

மஸ்கெலியா மாமா
எனக்கு நீந்தத் தெரியும், படகோட்டவும் தெரியும். ஞாயிறு மட்டும் என்றால் என்னைப் போட்டுக்கொள்ளுங்க.

நோர்வூட்காரன்
ஒரு பெயர் வந்தாச்சு. கடிதத்தை நான் எழுதி இங்கே போடுகிறேன், கணக்கன் அண்ணன் ஓட்டை பார்க்கட்டும்.

ஹட்டன் கணக்கன்
போடுங்க. ஆனால் முதல் வரியிலேயே ஆஷ்பியின் பெயர் வந்தால் நான் வாசிக்க மாட்டேன். அங்கிக்கு எவ்வளவு ஆகும் என்று முதலில் எழுதுங்க.